கவனித்தவை

ஐந்தாம் பரிசோதனை வீடியோவில் நடந்தது.
நீலக் கையுறைக்குள் யாருடைய கையோ
ப்யூரெட்டைத் திருகியது.
சொட்டு. சொட்டு.
கிளேட்டனில், கராஜைத் தடுத்து
அறையென்று வாடகைக்கு விட்ட இடத்தில்
நெட் அங்கேயே நின்றது.
வட்டம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தபோது
குடுவை ஏற்கெனவே சிவந்திருந்தது.

நிறம் மாறிய கணம்: 23.40 மில்லி
என்று எழுதினேன்.
அளவுகளைத் துறையே தந்திருந்தது.
பார்க்காததைப் பார்த்ததாக எழுத
அந்தப் பருவத்தில் கை பழகியிருந்தது.
தூத்துக்குடிக்கு தினமும் சொல்வதுதானே:
சாப்டேன்மா. தூங்குறேன்மா. கிளாஸ் நல்லாப் போகுது.

பகல் இரண்டுக்கு எழுவேன்.
பதிவான விரிவுரையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு
அந்த அவசரக் குரலிலேயே திரும்பத் தூங்குவேன்.
என்தால்பி என்ற சொல்லை
நாற்பது தடவை படித்தேன் ஒருநாள்.
நாற்பதாவது தடவை அது
பஸ் போகாத ஏதோ ஊரின் பெயர் போலிருந்தது.

பல்கலைக்கழகம் ஒரு படிவம் அனுப்பியது.
கடந்த இரண்டு வாரங்களில்
எதிலும் நாட்டமின்றி இருந்தீர்களா?
பூஜ்யம்.
உங்களை நீங்களே தோல்வியாக நினைத்தீர்களா?
பூஜ்யம்.
தூக்கம்? ஒன்று.
(ஒன்றாவது இருந்தால்தான் நம்புவார்கள்.)
படிவம் எனக்கு நன்றி சொன்னது.

அறிக்கைக்கு என் கூட்டாளி துயென்.
கறுப்புக் கட்டம், உள்ளே வெள்ளையில் பெயர்,
அவ்வளவுதான் அவளைத் தெரியும்.
'கவனித்தவை' என்ற தலைப்பின் கீழ், என் 23.40-ஐ அடுத்து
எழுதியிருந்தாள்:
நான் எதையும் பார்க்கவில்லை.

அழிக்கத்தான் போனேன்.
விடிகாலை மூன்றே முக்கால்.
அழிக்காமல், முழிச்சிருக்கியா என்று கேட்டேன்.
மூன்று புள்ளிகள் எழுந்தன, அடங்கின,
எழுந்தன.
எப்பவும்.

ஐந்து கிலோமீட்டர் தாண்டக் கூடாத குளிர்காலம் அது.
என் வட்டத்தை வரைபடத்தில் வரைந்து அனுப்பினேன்.
நோபிள் பார்க்கிலிருந்து அவளுடையது வந்தது.
இரண்டும் வெட்டிக்கொண்ட பகுதி ஒரு கண் மாதிரி.
கண்ணுக்குள் ஸ்பிரிங்வேல்:
ஷட்டர் போட்ட கடைகள், தண்டவாளம், ஒரு பூங்கா.
சட்டப்படி ஒரு மணி நேரம்.
சைக்கிள் மிதிக்கவே அதில் முப்பத்தைந்து நிமிடம் போனது.

நீ குள்ளமா இருப்பேன்னு நினைச்சேன், என்றாள்.
மாஸ்க்குக்கு மேலே கண்ணாடி,
இடது புருவத்தில் பழைய வெட்டு.
வாட்டில் மரம் கண்டபடி மஞ்சளாயிருந்தது.
எல்லா விளக்கும் எரிய, ஆளில்லாத ரயில் ஒன்று
டாண்டினாங் பக்கம் போனது.

படிவத்தைப் பற்றி நான்தான் கேட்டேன்.
"எல்லாத்துக்கும் மூணு போட்டேன்."
"அப்புறம்?"
"மூணு போட்டா யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க.
அம்மா திறப்பா. அவளுக்கு இங்கிலீஷ் வராது.
நான்தான் மொழிபெயர்க்கணும்.
என்னைப் பத்தி, நானே."
கல்லொன்றைக் காலால் நகர்த்தினாள்.
"எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்.
மாஸ்க்குக்குள் சிரித்தால் கண்ணாடியில் ஆவி படரும்.
கழற்றி, ஸ்வெட்டர் முனையால்
தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள்.
நான் ரயில் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கு எட்டுக்கு. ஏழே முக்காலுக்குச் செயின் கழன்றது.
கிரீஸ் கையோடு அறைக்குள் வந்து
அப்படியே ஊருக்குக் கூப்பிட்டேன்.
சாப்டியாப்பா?
இல்லைம்மா.
அந்தப் பக்கம் டிவிச் சத்தம் குறைந்தது,
பிறகு இல்லாமல் போனது.
சொல்லு, என்றாள்.

அறிக்கையில், துயெனின் வரிக்குக் கீழே
நானும் என்று சேர்த்து
23.40-ஐ அடித்து அனுப்பினோம்.
இருபதுக்கு ஒன்பது.
திருத்தியவர் யாரோ ஓரத்தில் குறித்திருந்தார்:
பிழைக் கணிப்பு மட்டும் சரி.